வியாழக்கிழமை வாங்கி, புதன்கிழமை விற்ற லாபம்

போன மாதம் ஒரு மத்தியானம் ரசத்துக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தபோது பர்ஸானா போன் செய்தாள். ஓய்வு பெறும்வரை நான் உட்கார்ந்திருந்த நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருக்கிற பெண். ஆபீசில் புது சாஃப்ட்வேர் போட்டிருக்கிறார்களாம். பொத்தானை அமுக்கினால் போதும், பங்குதாரர்கள் போட்ட முதலுக்கு நூற்றுக்கு எவ்வளவு லாபம் என்று பச்சை வட்டம் போட்டுக் காட்டிவிடுகிறதாம்.

"மேடம், இது பன்னெண்டரைன்னு காட்டுது. உங்க பழைய ஷீட்ல போட்டா பதினொண்ணுக்குக் கீழே வருது. ஏதாக்கும் சரி?"

"ரெண்டும் சரிதான். ஒண்ணு கம்பெனிக்குள்ள வந்தது. மத்தது பங்குதாரர் வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடியது."

"அந்த வித்தியாசத்தை சாஃப்ட்வேருக்கு யாரு சொல்லிக்கொடுப்பா? நீங்களே எழுதித் தாங்களேன் மேடம், மானுவல்ல சேர்த்துக்கலாம்."

சரியென்று உட்கார்ந்தேன். மானுவல் வரவில்லை. எழுத எழுத என் பழைய மேலாளர் காதர் சார்தான் வந்தார். மானுவலில் அவரைச் சேர்க்க முடியாது. அதனால் இதைத் தனியாக எழுதுகிறேன்.

நிறுவனத்தின் பெயர் இங்கே வேண்டாம். தம்பானூரில், பஸ் ஸ்டாண்டைப் பார்த்த ஒரு லாட்ஜின் இரண்டாவது மாடியில் இருந்தது. இஸ்லாமிய முறைப்படி வட்டி வாங்குவதில்லை, வட்டி கொடுப்பதில்லை. முந்நூறு சில்லறைப் பங்குதாரர்கள். பாதிப்பேர் வளைகுடாவில் உழைத்துத் திரும்பியவர்கள். மற்றவர்கள் ஓய்வுபெற்ற வாத்தியார்கள், நர்சுகள், சிறு கடைக்காரர்கள். அவர்கள் பணத்தில் நாங்கள் பொருள் வாங்குவோம். தேவைப்படுகிறவருக்குக் கொஞ்சம் லாபம் வைத்துத் தவணைக்கு விற்போம். ஆட்டோ, தையல் மெஷின், பேக்கரி அடுப்பு, எதுவானாலும் சரி. பணத்தைக் கொடுத்து வட்டி வாங்கினால் கூடாது, பொருளை வாங்கி விற்று லாபம் எடுத்தால் ஆகும் என்பதுதான் மொத்தச் சங்கதி.

நான் அங்கே போன கதை நீளமானதல்ல. பி.காம். முடித்து, கோட்டைக்குள் ஓர் ஆடிட்டர் ஆபீசில் ஒன்பது வருஷம் அடுத்தவர் கணக்கில் டிக் அடித்தேன். ஆடிட்டர் காலமானதும் ஆபீசை மூடினார்கள். விளம்பரம் பார்த்து விண்ணப்பித்தேன். இந்துப் பெண்ணுக்கு அங்கே என்ன வேலை என்று தெருவில் சிலர் கேட்டார்கள். அம்மாவின் கவலை வேறு.

"வட்டியே கெடையாதாம்லா. பொறவு என்னத்தக் கணக்கு எழுதப் போற?"

அம்மாவைப் பொறுத்தவரை கணக்கு என்றாலே வட்டிக் கணக்குத்தான். மூன்று மாதத்தில் எனக்கு விஷயம் புரிந்தது. வட்டி இருந்தால் கணக்கு எளிது. பணம் எங்கே கிடந்தாலும் அது பாட்டுக்கு வளரும். இங்கே ஒவ்வொரு ரூபாயும் எப்படி வந்தது என்று பதில் சொல்லவேண்டும்.

பதில் கேட்கிறவர் மேலாளர் காதர் மைதீன் சார். பூர்வீகம் எங்களைப் போலவே தென்காசிப் பக்கம். பிறந்து வளர்ந்தது மணக்காட்டில். வீட்டில் தமிழ், வெளியில் மலையாளம், எங்களிடம் இரண்டும் கலந்த ஒன்று. பெரிய வங்கியில் கிளை மேலாளராக இருந்தவர். வட்டியில் பிழைக்க மனம் ஒப்பவில்லை என்று, பென்ஷனுக்கு நான்கு வருஷமே பாக்கி இருக்கும்போது வேலையை உதறிவிட்டு, பாதிச் சம்பளத்துக்கு இந்த லாட்ஜ் மாடிக்கு வந்தார். அதை அவர் ஒருமுறைகூடப் பெருமையாகச் சொன்னதில்லை. அவர் மனைவி ரஹ்மத் அக்கா சொல்லித்தான் எனக்குத் தெரியும். அக்காவும் பெருமையாகச் சொல்லவில்லை.

செருப்பை அறைக்கு வெளியே கழற்றிவிட்டுத்தான் உள்ளே போவார். யாரையும் மணி அடித்துக் கூப்பிடமாட்டார். எழுந்து நம் மேஜைக்கு வருவார். செருப்பில்லாத காலாதலால் சத்தம் கேட்காது. நிமிர்ந்து பார்த்தால் பக்கத்தில் நிற்பார், கையில் ஒரு பென்சிலோடு. கோபம் வந்தால் கத்தமாட்டார். கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைப்பார். துடைக்கிற நேரத்தை வைத்துக் கோபத்தின் அளவைக் கண்டுகொள்ளலாம்.

ஒருமுறை நான் புத்திசாலித்தனமாக ஒரு யோசனை சொன்னேன். எங்கள் கணக்கில் வங்கி தானாகவே கொஞ்சம் வட்டி போட்டுவிடும். அதே வங்கி செக் புத்தகத்துக்கும் அதற்கும் இதற்கும் கட்டணமும் பிடிக்கும். வட்டியைக் கட்டணத்தோடு கழித்துவிட்டால் இரண்டும் தீர்ந்ததே என்றேன். கண்ணாடியைக் கழற்றினார். பியூன் சாயா கொண்டுவந்து வைத்து, அது ஆறி ஆடை படிகிறவரை துடைத்தார்.

"நமக்குச் சேராத காசுல நம்ம பில்லை அடைச்சா, அது நாம சாப்பிட்டது தன்னே செண்பகம்," என்றார்.

சாப்பாடு என்கிற அந்தச் சொல்தான் அவருடைய முழுக் கணக்கியலும். மார்ச் முடிந்ததும் லாபத்தை அளக்க ஒரு நீளமான தாள் போடுவோம். அதை வைத்துக்கொண்டு என் எதிரே உட்கார்வார். ஒவ்வொரு வரியிலும் பென்சிலை வைத்து, "இது சாப்பிடலாமா?" என்று கேட்பார். நான் "சாப்பிடலாம் சார்" அல்லது "கூடாது சார்" என்று சொல்லவேண்டும். ஆட்டோ விற்ற லாபம்? சாப்பிடலாம். தவணை தவறினவரிடம் வாங்கிய அபராதம்? கூடாது, அது ஆள் பயப்படட்டும் என்று வாங்குவது, தர்மத்துக்குப் போகவேண்டும். வங்கி வட்டி? கூடாது. பேக்கரியில் பங்கு போட்டு வந்த லாபம்? சாப்பிடலாம்.

கூடாததையெல்லாம் கழித்தபின் மிஞ்சுவதைப் பங்குதாரர்களின் முதலால் வகுப்போம். அதிலும் ஒரு முறை உண்டு. வருஷக் கடைசியில் இருக்கிற முதலால் வகுக்கக்கூடாது. ஒவ்வொரு மாதமும் இருந்த முதலைக் கூட்டிச் சராசரி எடுக்கவேண்டும். பிப்ரவரியில் பங்கு வாங்கினவர் அதற்கு முந்தைய ஜூன் மாத லாபத்தில் கை வைக்கக்கூடாது அல்லவா. இத்தனை சல்லடையில் சலித்த பிறகு வருகிற எண்ணைத்தான் காதர் சார் பங்குதாரர்களுக்கு எழுதுவார். அந்த எண் எப்போதும் சின்னதாகவே இருந்தது. ஆறு, ஆறரை, ஏழு.

அதுதான் வம்பாயிற்று. எங்கள் சேர்மன் ஒரு ஹாஜியார், துபாயில் கடை வைத்து முன்னுக்கு வந்தவர், நல்ல மனிதர். ஆனால் பங்குதாரர்கள் அவர் வீட்டுக்குத்தான் போய் நின்றார்கள். ஏழு சதவீதம் என்றால் என் பேரன் சிரிக்கிறான் என்றார்கள். ஒரு வருஷ ஆரம்பத்தில் போர்டு கூடி முடிவு செய்தது. வரும் மார்ச்சில் பத்துக்குக் கீழே போனால் மேலாளர் விஷயத்தைப் பற்றி யோசிக்கவேண்டி வரும். கொச்சியில் ஒருவர் தயாராக இருக்கிறார். காதர் சார் இதை எங்கள் எல்லோரையும் உட்காரவைத்துச் சொன்னார். "பத்து எடுக்கலாம். கூடாததைச் சேர்க்காமலேயே எடுக்கலாம்," என்றார். அப்போது அவருக்கு ஐம்பத்தெட்டு வயது. பென்ஷன் கிடையாது. கடைசி மகள் படித்துக்கொண்டிருந்தாள்.

எல்லோரும் ஓடினோம். நான் ஆரியசாலைக்கு ஓடினேன். அங்கே சங்கரலிங்கம் அண்ணாச்சி மொத்தப் பாத்திரக் கடை வைத்திருந்தார். என் அப்பா அவருடைய அப்பா கடையில் கணக்கு எழுதியவர். அந்த உரிமையில் போனேன். ஓணத்துக்கு முப்பது லட்ச ரூபாய்க்கு எவர்சில்வர் பாத்திரம் வேண்டும், கையில் அவ்வளவு முதல் இல்லை என்றார். நாங்கள் வாங்கி, இரண்டு லட்சத்து நாற்பதாயிரம் லாபம் வைத்து, ஆறு மாதத் தவணைக்கு அவருக்கே விற்பதாகப் பேச்சு. எங்கள் அளவுக்கு அது பெரிய வியாபாரம்.

இப்படி விற்பதற்கு மூன்று படி உண்டு. முதலில், வாங்கிக்கொள்கிறேன் என்று அவர் ஒரு கடிதம் கொடுப்பார். இரண்டாவது, நாங்கள் சரக்கை வாங்கவேண்டும். பில்லில் மட்டும் வாங்கினால் போதாது, கையில் வந்திருக்கவேண்டும். அதற்காகவே ஆபீசில் ஒரு பெரிய பித்தளைப் பூட்டு உண்டு. சரக்கு இறங்கிய கிடங்குக்கு நான் அதைக் கைப்பையில் தூக்கிக்கொண்டு போவேன். கட்டுகளை எண்ணி, கதவைச் சாத்தி, எங்கள் பூட்டைப் போடுவேன். அந்தப் பூட்டு தொங்குகிறவரைக்கும் தீப்பிடித்தாலும் திருடுபோனாலும் நஷ்டம் எங்களுக்கு. அந்தப் பயத்துக்குத்தான் லாபம் என்பார் காதர் சார். பயமில்லாமல் வாங்கினால் அது வட்டிதான், பெயர்தான் வேறு. மூன்றாவது படி, பூட்டைத் திறந்து, விற்பனை ஒப்பந்தத்தில் இருவரும் கையெழுத்துப் போடுவது.

கடிதம் வாங்கியாயிற்று. லாரி வியாழக்கிழமை வருகிறது. அன்றைக்கே பூட்டுப் போட்டு, அன்றைக்கே ஒப்பந்தமும் முடித்துவிடலாம் என்று அண்ணாச்சிக்குச் சொன்னேன். அவர் காலண்டரைப் பார்த்தார்.

"வியாழக்கெழம அட்டமி. வெள்ளிக்கெழம நவமி. ஓணச் சரக்குக்கு அட்டமில கையெழுத்துப் போடச் சொல்லுதியா தாயி?"

"அப்போ சனிக்கிழமை அண்ணாச்சி?"

"சனிக்கெழம சரக்கு கடைகளுக்குப் போயிரணும்லா. புதன்கெழம ஒம்பதே காலுக்கு நல்ல நேரம் இருக்கு. வந்து வாங்கிட்டுப் போ. தேதியும் அன்னைக்குத் தேதிதான் போடணும், பாத்துக்கோ. தேதியை மாத்திப் போட்டா நல்ல நேரம் பாத்து என்ன பிரயோசனம்?"

அவர் சொன்னது எனக்கு முழுக்க நியாயமாகப் பட்டது. என் வீட்டிலும் அஷ்டமியில் பால் பாத்திரம்கூட வாங்கமாட்டோம். ஒரே ஒரு நாள் வித்தியாசம். மூன்று படியும் எப்படியும் நடக்கத்தானே போகிறது என்று நினைத்துக்கொண்டேன். புதன்கிழமை காலையில் ஒப்பந்தத்தைக் காதர் சாரிடம் நீட்டினேன். "அண்ணாச்சிக்கு நல்ல நேரம் போயிடும் சார்" என்று அவசரப்படுத்தினேன். அவர் சிரித்துக்கொண்டே மளமளவென்று கையெழுத்துப் போட்டார். ஒன்பதே காலுக்கு அண்ணாச்சி பிள்ளையாரைக் கும்பிட்டுவிட்டுப் போட்டார். மறுநாள் லாரி வந்தது. எண்ணினேன், பூட்டினேன், ஒரு மணி நேரம் கழித்துத் திறந்துகொடுத்தேன். ஓணம் அண்ணாச்சிக்கு அமோகம். தவணை ஒன்றுகூடத் தவறவில்லை.

மார்ச் முடிந்தது. தாளைப் போட ஆரம்பித்தேன். பங்குதாரர் முதல் சராசரி ஒரு கோடியே இருபது லட்சம். கூடாததையெல்லாம் கழித்து, லாபம் பன்னிரண்டு லட்சத்து முப்பதாயிரம். பத்தேகால். இரண்டு முறை போட்டுப் பார்த்தேன், பத்தேகால்தான். எழுந்து ஜன்னல் பக்கம் போய் பஸ் ஸ்டாண்டைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு வந்தேன். அவ்வளவு சந்தோஷம்.

பிறகு, ஒவ்வொரு வியாபாரத்துக்கும் எதிரே பூட்டிய தேதி, விற்ற தேதி என்று இரண்டு கட்டம் நிரப்பவேண்டும். அண்ணாச்சி பைலை எடுத்தேன். பூட்டியது பதினெட்டு. விற்றது பதினேழு.

கையில் இல்லாததை விற்றிருக்கிறேன். அந்த ஒரு நாளில் சரக்கு எங்களுடையதல்ல, பயம் எங்களுடையதல்ல. லாபம் மட்டும் எங்களுடையதாம். இரண்டு லட்சத்து நாற்பதாயிரத்தை எடுத்துவிட்டால் பத்தேகால் எட்டேகாலாகும். எட்டேகாலானால் காதர் சார் வீட்டுக்குப் போவார். அதுவும் என்னால்.

ஷரியா ஆலோசகரான உஸ்தாத் வருஷத்துக்குப் பத்து பைலைப் பார்ப்பார். அந்த வருஷம் அவர் கேட்ட பத்தில் அண்ணாச்சி பைல் இல்லை. பதினேழைப் பதினெட்டாக்குவதும் பேனாவுக்குப் பெரிய வேலை இல்லை. நான் நல்லவள் என்று காட்டிக்கொள்ள இதை எழுதவில்லை. இரண்டு நாள் சொல்லாமலே இருந்தேன். அந்த இரண்டு நாளும் பேனா மூடியைக் கழற்றுவதும் போடுவதுமாக இருந்தேன். யாருக்கும் நஷ்டமில்லையே, ஒரு குடும்பத்துக்குச் சோறு ஆயிற்றே என்றெல்லாம் நியாயம் வந்துகொண்டே இருந்தது.

மூன்றாம் நாள் காதர் சார் தாளோடு எதிரே வந்து உட்கார்ந்தார். அடியில் பத்தேகாலைப் பார்த்துவிட்டார் போலிருக்கிறது, முகம் மலர்ந்திருந்தது. ஆனாலும் வழக்கத்தை விடவில்லை. முதல் வரியிலிருந்து பென்சிலை வைத்தார்.

"இது சாப்பிடலாமா?"

"சாப்பிடலாம் சார்."

"இது?"

"கூடாது சார், கழிச்சாச்சு."

பதினோராவது வரி அண்ணாச்சி. "இது சாப்பிடலாமா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் பென்சிலைப் பன்னிரண்டுக்கு நகர்த்தினார்.

"கூடாது சார்," என்றேன்.

பென்சில் திரும்பி வந்தது. பைலைத் திறந்து இரண்டு தேதியையும் காட்டினேன். அஷ்டமி, நவமி, ஒன்பதே கால் எல்லாவற்றையும் ஒப்பித்தேன். கண்ணாடியைக் கழற்றப்போகிறார் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். கழற்றவில்லை. அந்த எண்ணைச் சுற்றிப் பென்சிலால் மெல்ல ஒரு கோடு போட்டார். ஓரத்தில் வகுத்துப் பார்த்தார்.

"எட்டேகால்," என்றார். "நீங்க இதைத் திருத்தியிருக்கலாமல்லே?"

"இருக்கலாம் சார்."

"திருத்தணும்னு தோணிச்சா?"

"ரெண்டு நாளாத் தோணிச்சு சார்."

தலையை ஆட்டினார். "சரி, மணி ஒண்ணாச்சு. போய்ச் சாப்பிடுங்க," என்று எழுந்து போய்விட்டார். அவர் திட்டியிருந்தால் தேவலை. அன்றைக்குத் தயிர்சாதத்தை வெறுமனே பிசைந்துவிட்டு டப்பாவை மூடினேன்.

மறுநாள் உஸ்தாத் வந்தார். அரபிக் கல்லூரியில் வாத்தியார், மெலிந்த உருவம், பால் விடாத கட்டன் சாயாவைத் தவிர வேறொன்றும் தொடமாட்டார். பைலைப் படித்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"இந்த அஷ்டமின்னு பறஞ்சா என்ன?"

நாள் நல்லதில்லை என்று சொன்னேன். கிருஷ்ணர்கூட அஷ்டமியில் பிறந்துதான் அவ்வளவு கஷ்டப்பட்டார் என்று ஆதாரமும் கொடுத்தேன்.

"கிருஷ்ணன் பொறந்த நாளல்லே? அப்போ நல்ல நாளாயிரிக்கணுமல்லோ!" என்றார். காதர் சார் சிரித்துவிட்டார். அந்த வாரத்தில் அவர் சிரித்தது அப்போதுதான்.

தீர்ப்பு ஒரே நிமிஷத்தில் வந்தது. கையில் வராததை விற்றது செல்லாது. பாத்திரங்கள் எப்போதோ ஜனங்கள் அடுப்பில் ஏறிவிட்டன, வியாபாரத்தைத் திரும்பச் செய்யவும் வழியில்லை. முதல் நம்முடையது. சரக்கு வாங்கினவருக்கே முதலில் லாபத்தைத் திருப்பிக் கொடுத்துப் பாருங்கள். வாங்கமாட்டேன் என்றால் தர்மம். பங்குதாரருக்கு ஒரு பைசா கூடாது.

செக்கை எடுத்துக்கொண்டு ஆரியசாலைக்கு நானே போனேன். அண்ணாச்சி முழுக்கதையையும் கேட்டார். அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"பேசுன லாபத்தைத் திருப்பி வாங்கினேன்னு பஜார்ல தெரிஞ்சா என்னை எவன் மதிப்பான்? ஒங்கப்பா இருந்தா இப்படி ஒரு காரியத்துக்கு வந்து நிப்பாரா? எடுத்துட்டுப் போ தாயி."

"என் தப்பு அண்ணாச்சி."

"ஒந்தப்பு என்ன இருக்கு? நாந்தானே நேரம் சொன்னேன். அடுத்த தடவை ஒங்க பூட்டுக்கும் சேத்து நேரம் பாத்துச் சொல்லுதேன், போ."

அந்தப் பணம், ரத்தம் சுத்திகரிக்க வசதியில்லாத சிறுநீரக நோயாளிகளுக்குப் போயிற்று. ரசீதைப் பைலில் சேர்த்தேன். அடுத்த வாரம் போர்டு கூடியது. நான் உறுப்பினரில்லை, வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். அவர் உள்ளே போகுமுன், நானும் வந்து சொல்லட்டுமா சார் என்று கேட்டேன். "வேண்டா. இது போர்டு," என்றார் காதர் சார். இரண்டு மணி நேரம் கழித்து வெளியே வந்து செருப்பை மாட்டிக்கொண்டார்.

"எட்டேகாலைப் பாஸ் பண்ணிட்டாங்க. ஜூன்ல கொச்சிக்காரர் வருவாரு. பைலெல்லாம் ஒழுங்கா வச்சுக் கொடுக்கணும், கேட்டேளா," என்றார். குரலில் ஒரு மாற்றமும் இல்லை. எண் பத்தைத் தொடாததால்தான் அனுப்புகிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். அந்த நினைப்பே போதுமானதாக இருந்தது என்னைத் தின்பதற்கு.

ஜூனில் போனார். நாங்கள் கொடுத்த சுவர்க்கடிகாரத்தை வாங்கிக்கொண்டு, எத்தனை ரூபாய், யார் யார் எவ்வளவு போட்டார்கள் என்று விசாரித்துவிட்டுப் போனார். மணக்காட்டில் இரண்டு கடைகளுக்குக் கணக்கு எழுத ஆரம்பித்தார். பெருநாளுக்கு எனக்குத் தனியாகச் சேமியா பாயசம் வரும். தீபாவளிக்கு நான் கொண்டுபோவேன். பழைய பேச்சை அவரும் எடுக்கமாட்டார், எனக்கும் தைரியம் வராது.

இரண்டு வருஷத்தில் கொச்சிக்காரர் வளைகுடாவுக்குப் பறந்துவிட்டார். அடுத்த மேலாளராக என்னைப் போடலாம் என்று பேச்சு வந்தது. போர்டுக்கான தாள்களைத் தயாரிக்கும் வேலையும் என்னிடம் வந்தது. அதற்காக, அதுவரை பூட்டிய அலமாரியில் இருந்த மினிட்ஸ் புத்தகத்தைக் கொடுத்தார்கள். பக்கத்தைப் புரட்டும்போது அந்த ஏப்ரல் கூட்டம் கண்ணில் பட்டது.

எட்டேகால் சதவீதம் முந்தைய ஆண்டுகளைவிட நன்று என்பதால் போர்டு அதைப் பொறுத்துக்கொள்ளத் தயாராக இருந்தது என்று எழுதியிருந்தது. அடுத்த வரி: ஆரியசாலை ஒப்பந்தத்தில் தேதி முந்தியது முழுக்கத் தன்னுடைய கவனக்குறைவு என்றும், இதில் ஊழியர் எவருக்கும் பொறுப்பில்லை என்றும் மேலாளர் தெரிவித்தார். அதற்கடுத்த வரி: அந்தக் கவனக்குறைவைக் கருதி மேலாளரை மாற்ற முடிவு செய்யப்பட்டது.

மூன்று வரியையும் எத்தனை முறை படித்தேனோ தெரியாது. எண்ணுக்காகப் போகவில்லை அவர். என் புதன்கிழமைக்காகப் போயிருக்கிறார். அந்த இடத்தில்தான் என்னை உட்காரவைக்கப் போகிறார்கள்.

மணக்காட்டுக்குப் போய்க் கேட்கலாம் என்று தோன்றியது. போனால் தடுத்துவிடுவார் என்பதும் தெரியும். போகவில்லை. கூட்டத்தன்று என் நியமனம் மூன்றாவது விஷயமாக இருந்தது. அதற்கு முன் ஒன்று சொல்லவேண்டும் என்று எழுந்தேன். அந்த ஒப்பந்தத்தைப் புதன்கிழமை எடுத்துக்கொண்டு போனது நான், காதர் சாரை அவசரப்படுத்திக் கையெழுத்து வாங்கியது நான், இரண்டு நாள் மறைத்ததும் நான்; இதைப் புத்தகத்தில் எழுதவேண்டும் என்றேன். குரல் நடுங்கவில்லை என்று பிறகு சொன்னார்கள்.

ஹாஜியார் என்னையே பார்த்தார். "இது யாரும் கேட்டில்லல்லோ செண்பகம். இப்போ எதுக்கு?"

"புத்தகத்துல தப்பா இருக்கு சார். நான் கணக்கு எழுதறவ."

அவர்கள் தங்களுக்குள் பேசினார்கள். நான் சொன்னதை எழுதிக்கொண்டார்கள். என் நியமனத்தை ஆறு மாதம் தள்ளிவைத்தார்கள். நான் அதற்குத் தயாராகத்தான் போயிருந்தேன். ஆனாலும் படியிறங்கும்போது வலித்தது.

அங்கிருந்து நேரே மணக்காட்டுக்கு ஆட்டோ பிடித்தேன். காதர் சார் முன்னறையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார், துடைத்தார், நிறுத்தவே இல்லை. ரஹ்மத் அக்கா கதவோரம் வந்து நின்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டார். அத்தனை வருஷமும் என்னை 'நீங்க' என்று கூப்பிட்ட காதர் சார், அன்றைக்கு முதல்முறையாக ஒருமையில் பேசினார்.

"யாரு உன்கிட்டே கேட்டா? கைக்கு வந்ததைக் களைஞ்சிட்டு வந்து நிக்கறியே!"

"நீங்க பொய் சொல்லியிருக்கீங்க சார். முழுக்க உங்க தப்புன்னு."

"பொய்யா? ஒப்பந்தத்துல கம்பெனிக்காகக் கையெழுத்து யாருது? என்னுது. தேதி மேலே இருக்கு, கையெழுத்து கீழே இருக்கு. பார்க்காமப் போட்டவன் நானல்லே? உனக்கு அன்னைக்கு நாப்பத்திரெண்டு வயசு. தலைக்கு மேல அம்மா. அந்த வேலையும் போயிருந்தா எங்கே போவே?"

"நீங்க எங்கே சார் போனீங்க?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. துடைத்துக்கொள்ளக்கூடத் தோன்றாமல் நின்றேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

"மினிட்ஸ்ல எழுதிட்டாங்களா?"

"எழுதிட்டாங்க சார். ரெண்டு பேர் தப்பும்னு."

"யாரு பேரு முதல்ல?"

"உங்க பேர்தான் சார்."

"ஆ, அது மதி, அது போதும்," என்றார். "சீனியர் நானல்லே."

பிறகுதான் என்னை உட்காரச் சொன்னார்.